திங்கட்கிழமை இளைப்பு

மயிலாளை அமைதியான பொம்பளை என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அவளுக்குப் பேச மூச்சில்லை, அவ்வளவுதான். மூச்சு மட்டும் முழுசாக இருந்திருந்தால் திருப்பூரை ஒட்டின எங்கள் நெருப்பெரிச்சல் ஊரில் பாதிப் பேருக்குக் காது அடைத்துப் போயிருக்கும்.

வயசு நாற்பத்தெட்டு. காங்கேயத்துக்குத் தெற்கே தோட்ட வேலை பார்த்த குடும்பம். மழை ஏமாற்றி, கிணறு வறண்டு, கைக்குழந்தையோடும் புருசன் சென்னியப்பனோடும் அவள் திருப்பூருக்கு வந்து இருபத்தஞ்சு வருசம் ஆகிறது. வந்த வாரமே ரத்தினசாமியின் கழிவுப் பஞ்சு குடோனில் ரெண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. அன்றைக்கு முருகனுக்குத் தேங்காய் உடைத்தார்கள் புருசனும் பெண்டாட்டியும். எதற்கு உடைக்கிறோம் என்று தெரியாமல் உடைத்த தேங்காய் அது.

அந்தக் குடோனில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். நூல் மில்லில் நூற்கும்போது கீழே கொட்டுகிற பஞ்சு, விதைத்தூளும் இலைச்சருகுமாக மூட்டை மூட்டையாக வரும். பெண்கள் தரையில் உட்கார்ந்து அதைப் பிரித்துப் போடுவார்கள். பிரித்ததை ஆண்கள் அள்ளி மிஷினில் கொட்டுவார்கள். மிஷின் அதை அடித்து உதறிச் சுத்தமான பஞ்சாக்கித் தள்ளும். அந்தப் பஞ்சு மறுபடி நூலாகி, பனியனாகி, கப்பலேறிப் போகும். போகிற பனியனில் பச்சை இலை போட்ட அட்டை ஒன்று தொங்கும். வீணாய்ப் போன பஞ்சில் செய்தது, பூமிக்கு நல்லது என்று அதில் அச்சடித்திருக்கிறதாம். பூமிக்கு நல்லதாகவே இருக்கட்டும். உதறின தூசி எங்கே போகும் என்று அந்த அட்டையில் ஒரு வரி உண்டா? தேடிப் பாருங்க, இருக்காது.

மிஷின் ஓடினால் எதிரில் இருப்பது யார் என்று தெரியாது. புருவத்தில் பஞ்சு, இமையில் பஞ்சு, தூக்குப்போசிச் சோற்றில் பஞ்சு. இதற்கு ரத்தினசாமி கொடுத்துவந்த பாதுகாப்பு என்ன தெரியுமா? ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம். வெல்லத்தைத் தின்றால் தொண்டையில் ஒட்டின பஞ்சு வழுக்கி வயிற்றுக்குள் போய்விடும் என்பது அந்தப் பக்கத்து வைத்தியம். நெஞ்சுக்குள் போன பஞ்சு எந்த வழுக்கலில் போகும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. வெல்லம் நல்ல வெல்லம் என்பதால் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள்.

வாரம் பூரா ஒரு மாதிரி என்றால் திங்கட்கிழமை வேறு மாதிரி. ஞாயிறு லீவு முடிந்து திங்கள் வேலைக்கு வந்தால் மத்தியானத்துக்குள் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி ஆகிவிடும். இருமல், இளைப்பு, உடம்பு லேசாகச் சுடும். செவ்வாய் கொஞ்சம் தணியும். வியாழன், வெள்ளி ஆனால் பரவாயில்லை. அடுத்த திங்கள் மறுபடி அதேதான். இதற்கு அங்கே ஒரு பேர் வைத்திருந்தார்கள், கறி இருமல் என்று. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு மூக்கு முட்டத் தின்ற மந்தம், திங்கட்கிழமை நெஞ்சில் வந்து நிற்கிறதாம். "நேத்து எத்தன கிலோடா எடுத்தீங்க?" என்று ரத்தினசாமி சிரிப்பார். இவர்களும் இருமிக்கொண்டே சிரிப்பார்கள். கேலிக்குக்கூட மூச்சு வேண்டும் என்று நினைக்காத ஜனம்!

சென்னியப்பன் ஒரு படி மேலே போனார். கறியை விட்டுவிட்டார். கடைசி எட்டு வருசம், மகளின் தலை தீபாவளி விருந்தில்கூட, மருமகன் எதிரில் உட்கார்ந்து ரசஞ்சோறு தின்ற மனுசன். திங்கட்கிழமை அப்படியும் விடவில்லை. பத்தொன்பது வருசம் அந்த மிஷினுக்குப் பஞ்சு அள்ளிப் போட்டுவிட்டு, ரெண்டு வருசம் வீட்டில் கிடந்தார். கிடந்தார் என்று சொல்வதும் பொய், படுத்தால் மூச்சு நிற்கும், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், "பீடி குடிப்பியா?" என்றார். "இல்லீங்க சாமி, அந்த நாத்தமே ஆகாதுங்க" என்றார் இவர். "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க" என்று சொல்லிக்கொண்டே சீட்டில் பீடி என்று எழுதினார் அந்த டாக்டர். நாலு வருசம் முன்னால், ஒரு விடியற்காலையில், சாய்ந்தபடியே போய்விட்டார். பீடியைத் தொடாதவன் பீடியால் செத்ததாகக் காகிதம் சொல்கிறது. மயிலாளுக்கும் ஒரு காகிதம் உண்டு. சளியில் கிருமி இல்லை என்று வந்தும், இருமல் நிற்காததால் டிபி என்று முடிவு கட்டி ஆறு மாசம் மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர் சிவந்ததுதான் மிச்சம்.

இவ்வளவும் பொறுத்தாள். ஆனால் போன வருசம் மகள் பிரியங்கா அதே குடோனுக்கு வேலைக்கு வந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. அங்கே ஆர்டர் குறைந்து ஆட்களை நிறுத்திவிட்டார்கள். "வேற எடம் கெடைக்கற வரைக்குந்தாம்மா" என்றாள். ஆறு மாசத்தில் பிரியங்காவும் திங்கட்கிழமை மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓரமாய் நிற்க ஆரம்பித்தாள். பெற்றவள் அதைப் பார்த்தாள். என்ன செய்தாள் தெரியுமா? "ஞாயித்துக்கெழம கறி திங்காதேன்னா கேக்கறயா?" என்று மகளைத் திட்டினாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் நாலு நாடுகளின் டாக்டர்கள் சேர்ந்து நடத்துகிற நெஞ்சுநோய்த் திட்டம் ஒன்று திருப்பூருக்கு வந்தது. அதில் இங்கே வேலை பார்த்தது ஆஷா என்கிற இளம் டாக்டர், நாகர்கோவில் பக்கத்துப் பெண். ஆவணி மாசம் ஒரு நாள் குடோனுக்கு வந்து எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாள். "சனிக்கிழமை ஒரு மிஷின் கொண்டு வருவோம். அதுல நீங்க ஊதணும். கேள்வியும் கேப்போம். பஞ்சுத் தூசியால மூச்சு கெட்டவங்க இங்க பாதிப் பேருக்கு மேல இருந்தா, திட்டச் செலவுலயே தூசி உறிஞ்சற மிஷின் மாட்டித் தருவோம். மூணு வருசத்துக்கு இன்ஹேலரும் உண்டு." மயிலாள் மகளைப் பார்த்தாள். அந்தத் தூசி மிஷின் வந்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அன்றைக்கே மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

பிறகு நடந்த கூத்தைக் கேளுங்க. வியாழன் சாயந்திரமே ரத்தினசாமி மிஷினை நிறுத்தச் சொன்னார். வெள்ளிக்கிழமை பூரா கழுவல். சுவரில் தொங்கின பஞ்சை ஒட்டடைக் கோலால் அடித்தார்கள், தரையைத் தண்ணி விட்டுத் தேய்த்தார்கள். செய்தது யார்? ரத்தினசாமியா குனிந்து தேய்த்தார்? இவர்கள் இருபத்திரண்டு பேரும்தான், சந்தோசமாக. ஒறம்பரை வந்தால் வீட்டைக் கூட்டிப் பெருக்கமாட்டோமா என்ற நினைப்பு. கொங்குநாட்டில் வந்த விருந்தாளியை ஒறம்பரை என்றுதான் சொல்வோம், உறவுக்காரனோ ஊர்பேர் தெரியாதவனோ. சனிக்கிழமை காலையில் வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டது வேறு யாருமில்லை, மயிலாளேதான்!

ஆஷாவோடு உயரமான வெள்ளைக்கார அம்மா ஒருத்தி வந்தாள். கைகூப்பி வணக்கம் சொல்லித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேள்வி ஆரம்பமானது.

"இருமல் இருக்காம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"வேலை செய்யறப்ப மூச்சு வாங்குதா?"

"நல்லா இருக்கறனுங்க. நீங்க நல்லா இருக்கறீங்களா? அவிங்க காலைல என்னங்க சாப்பிட்டாங்க?"

இருபத்திரண்டு பேரும் இதே பாட்டு. ஒறம்பரை முன்னால் வீட்டுக் குறையைச் சொல்வது அவமரியாதை என்று தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவர்கள். சரி, மயிலாளாவது சொன்னாளா? "உங்க வீட்டுக்காரர் எதனால இறந்தார்?" என்று ஆஷா கேட்டாள். வெள்ளைக்கார அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, "காலம் முடிஞ்சு போச்சுங்க" என்றாள். சொல்லிவிட்டு இளநி வெட்டிக் கொடுத்தாள்.

ஊதுகிற மிஷினில் ஊதினார்கள். ரெண்டு ராத்திரியும் ஒரு பகலும் மிஷின் தூசி தின்னாத நெஞ்சு, நன்றாகவே ஊதியது. மயிலாளுக்கு மட்டும் பாதிதான் வந்தது. பழைய டிபி மாத்திரைச் சீட்டைப் பார்த்து, 'முன்பு டிபி' என்று எழுதிக்கொண்டார்கள். ஆக, தூசிக் கணக்கில் அவளும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, புரட்டாசி பிறந்து வந்த முதல் திங்கட்கிழமை, ரத்தினசாமி கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதம் ஒன்றைக் கொண்டு வந்தார். "இங்க பஞ்சுத் தூசியால யாருக்கும் ஒண்ணுமில்லைன்னு நாலு நாட்டு டாக்டருங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறாங்க!" என்று சொல்லி வாசலுக்கு எதிரில் மாட்டினார். சாமந்தி மாலை போட்டார். எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். மத்தியானம் மணி ரெண்டு இருக்கும். பிரியங்கா லட்டை வாயில் போட்டவள் இருமினாள். இருமல் நிற்கவில்லை. லட்டு வெளியே தெறித்து, கண்ணில் தண்ணி கொட்டி, மூட்டை மேல் கையை ஊன்றிக் குனிந்து நின்றாள் பிள்ளை. அவள் தலைக்கு மேல், சாமந்தி மாலைக்குள், யாருக்கும் ஒண்ணுமில்லை என்ற காகிதம்.

அடப் பாவிகளா என்று மயிலாளுக்குள் ஏதோ அறுந்தது. யாரைத் திட்டுவது? கழுவினது தன் கை, கோலம் போட்டது தன் கை, ஒண்ணுமில்லை என்றதும் தன் வாய். 

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு திருப்பூர் ராயபுரத்துக்குப் போனாள். திட்டத்து ஆபீஸ் அங்கே ஒரு மாடியில் இருந்தது. பதினெட்டுப் படி, மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறினாள். நெஞ்சுநோய்க்காரர்களுக்கான ஆபீசை மாடியில் வைத்தவனை நினைத்து ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு விட்டாள்.

"என்னம்மா, இப்படி இளைக்குது!" என்று ஆஷா நாற்காலி போட்டாள்.

"நாங்க பொய் சொல்லிப்போட்டோமுங்க," என்றாள் மயிலாள். தண்ணியைக்கூடத் தொடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். கழுவல், வெல்லம், பீடிச் சீட்டு, டிபி மாத்திரை, திங்கட்கிழமை கறி இருமல் எல்லாம்.

ஆஷா எழுதுவதை நிறுத்திவிட்டாள். "திங்கட்கிழமை மட்டும் அதிகமா? லீவு முடிஞ்சு வர்ற முதல் நாளா?"

"ஆமாங்க. கறி தின்ன மந்தமுங்க."

"கறியெல்லாம் இல்லம்மா. பஞ்சுத் தூசியோட குணமே அதான். ஒரு நாள் விலகி இருந்துட்டுத் திரும்பப் போனா முதல் நாள் நெஞ்சைப் பிடிக்கும். வெளிநாட்டுல பஞ்சு மில்லுங்க இருந்த காலத்துலயே கண்டுபிடிச்சுட்டாங்க. இதுக்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல்னே பேரு. புத்தகத்துல இருக்கு."

"எப்பங்க கண்டுபிடிச்சாங்க?"

"நூறு வருசத்துக்கு மேல இருக்கும்."

 மயிலாள் பேச ஆரம்பித்ததும் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான்.

"நூறு வருசமாத் தெரியுமுங்களா? தெரிஞ்சு வெச்சுக்கிட்டு என்னங்க பண்ணுனீங்க? நாங்க பிரிக்கற பஞ்சு பனியனாகி ஒரு மாசத்துல கப்பலேறி அவிங்க ஊருக்குப் போயிருது. அங்கிருந்து இந்த ஒரு வார்த்தை வர்றதுக்கு நூறு வருசம் பத்தலீங்களா? என்ற ஊட்டுக்காரரு எட்டு வருசம் கறி திங்காமச் செத்தாருங்க! கறி மேல உசுரா இருந்த மனுசனுங்க! நான் என்ற புள்ளையத் திட்டினனே, அதைத் திங்காதே, இதைத் திங்காதேன்னு. எந்தப் புத்தகத்துலீங்க எழுதி வெச்சிருக்கறீங்க? அதை யாரு படிக்கோணும்னு எழுதுனீங்க?"

ஆஷா பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.  பிறகு மெதுவாகச் சொன்னாள். "நாங்களும்தான் தப்பு பண்ணிட்டோம். சனிக்கிழமை, அதுவும் மிஷின் நிறுத்தின இடத்துல சோதிச்சிருக்கக் கூடாது. முதலாளி கேட்ட நாளை ஒத்துக்கிட்டோம். உங்க பொண்ணுக்கு இது ஆரம்பம். இப்பவே தூசி நின்னா மூச்சு பழையபடி ஆயிடும். இன்னும் ரெண்டு மூணு வருசம் போனா திரும்பாது."

"என்னுது?"

ஆஷா தலையை ஆட்டினாள். இல்லை என்கிற ஆட்டல்.

"அதை உடுங்க. புள்ளைக்கு என்ன வழி, அதைச் சொல்லுங்க."

வழி இருந்தது. மறு சோதனை கேட்கலாம். ஆனால் முதலில் சொன்ன பதில் தப்பு என்று பத்துப் பேராவது கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அடுத்த புதன்கிழமை நாலு நாட்டுக் குழுவும் கூடுகிறது, அதற்குள் வேண்டும்.

பத்துக் கையெழுத்து என்ன பெரிய காரியம் என்று நினைப்பீங்க. புதன், வியாழன், வெள்ளி, சனி, நாலு நாள் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள், ஒன்றுகூட விழவில்லை. வேலைக்குப் பயம் பாதி. மீதி என்ன தெரியுமா? வெட்கம். "அத்தன தூரத்துல இருந்து வந்த ஒறம்பரைகிட்டப் பொய் சொன்னோம்னு எழுதிக் குடுக்கச் சொல்றயே மயிலா, மானம் போகாதா?" என்றாள் வேலாத்தாள். மயிலாளுக்குப் பக்கத்தில் இருபது வருசமாக உட்கார்ந்து பஞ்சு பிரிக்கிறவள். பெற்ற மகளே, "எனக்கு ஒண்ணுமில்லம்மா, சளி" என்று நழுவினாள்.

திங்கட்கிழமை வந்தது. மத்தியானச் சோற்று நேரம். எல்லோரும் வெளியே நிழலில் உட்கார்ந்து, தின்பதும் இருமுவதுமாக இருந்தார்கள். மயிலாள் எழுந்து நின்றாள்.

"இப்ப நெஞ்சை அடைக்கறவங்க கையத் தூக்குங்க."

ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். முதலில் முனீஸ் தூக்கினான், மிஷினுக்குப் பஞ்சு போடுகிறவன், மதுரைப் பக்கத்தில் இருந்து வந்தவன். பிறகு ஒவ்வொன்றாக ஏறியது. பதினேழு கை.

"செரி. நேத்து கறி தின்னவங்க மட்டும் கையத் தூக்கி வெச்சுக்குங்க, மத்தவங்க எறக்குங்க."

எல்லாக் கையும் இறங்கியது. ஒன்றுகூட நிற்கவில்லை.

"ஏன் எறக்கிட்டீங்க? ஏனுங்க, இது என்ன மாசம்? புரட்டாசி! பெருமாளுக்கு விரதம்னு ஊரே கறிக்கடைப் பக்கம் போகல. யாரூட்டுலயாச்சும் கொழம்பு கொதிச்சுதா? பொறவு எந்தக் கறி வந்து நெஞ்சுல உக்காந்துச்சு? பீர்க்கங்காயா? சொல்லு வேலாத்தா, நேத்து என்ன தின்ன?"

"கீரையும் மோரும்," என்றாள் வேலாத்தாள். குரல் எழும்பவில்லை.

"கீரை தின்னவளுக்கு ஏன் இருமுது? வருசா வருசம் புரட்டாசி வருது, வருசா வருசம் இந்த மாசமும் இருமறோம். ஒருத்தருக்காச்சும் தோணுச்சா? எனக்கே தோணலயே! மாடு கணக்கா வெல்லத்தைத் தின்னுபோட்டு, கறி மேல பழியப் போட்டுக்கிட்டு, ஒரு மனுசனைக் கொன்னு பொதைச்சுப் போட்டமே!" அவளுக்கு மூச்சு முட்டியது. மார்பைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபடி ஆரம்பித்தாள். "ஒறம்பரைகிட்டப் பொய் சொன்னம்னு எழுதிக் குடுத்தா மானம் போகுதுன்னா, போகட்டும். மூச்சு போனாப் பரவால்லீங்களா?"

முனீஸ் பேனாவை வாங்கினான். "அத்தை, எங்க போடணும்?" வேலாத்தாள் கைநாட்டு வைத்தாள். கையெழுத்து பத்தைத் தாண்டியது. கடைசியில் பிரியங்கா வந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னாள், "ராத்திரியில படுத்தா இழுக்குதும்மா. உனக்குத் தெரிஞ்சா அழுவீன்னு சொல்லல." மயிலாள் மகளை அறைந்திருப்பாள், அத்தனை கோபம். அணைத்துக்கொண்டாள்.

ரத்தினசாமிக்குத் தகவல் போகாமல் இருக்குமா? "ஏனம்மிணி, இருபத்தஞ்சு வருசம் சோறு போட்ட எடத்துல மண்ணள்ளிப் போடறயே?" என்றார்.

"சோறு போட்டீங்க, நெசந்தானுங்க. நாங்களும் சும்மா திங்கல. அந்தச் சோத்தை உக்காந்து திங்க மூச்சு வேணுமில்லீங்களா?"

குழு ஒத்துக்கொண்டது. அதற்கடுத்த திங்கட்கிழமை காலை ஏழரைக்கு, மிஷின் போடும் முன்னால் எல்லோரும் ஊதினார்கள். பிறகு வழக்கம்போல வேலை. இந்தத் தடவை கழுவலும் இல்லை, கோலமும் இல்லை. வெள்ளைக்கார அம்மா உள்ளே நின்று பார்த்தாள். முக்கால் மணி நேரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். சாயந்திரம் நாலு மணிக்கு மறுபடி ஊதல். மூக்கில் கிளிப்பை மாட்டி, முதல் செகண்டில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று பார்க்கிற சோதனை அது. பிரியங்கா காலையில் ரெண்டரை லிட்டர் ஊதினாள். சாயந்திரம் ரெண்டுதான். ஒரே பகலில் அரை லிட்டர் மூச்சு போய்விட்டது இருபத்தாறு வயசுப் பெண்ணுக்கு. மயிலாளுக்குக் காலையிலும் ஒரு லிட்டர், சாயந்திரமும் ஒரு லிட்டர்.

"எனக்கு எறங்கலீங்களே?" என்றாள் மயிலாள்.

"இறங்க இனி இல்லம்மா," என்றாள் ஆஷா.

இருபத்திரண்டில் பதினாலு பேருக்கு இறங்கியிருந்தது. பாதிக்கு மேலே. "ஜெயிச்சுட்டீங்க! தூசி மிஷின் கண்டிப்பா வரும்," என்று ஆஷா மயிலாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பங்க வரும்?"

"நாலு நாட்டுலயும் கையெழுத்து ஆகணும். ஒரு நாலு மாசம் ஆகும்."

மயிலாள் கையை உருவிக்கொண்டாள். "நாலு மாசமுங்களா? அதுக்குள்ள பதினேழு திங்கக்கெழம இருக்குதுங்க. திங்கக்கெழமைக்கு அரை லிட்டரு. என்ற புள்ளைகிட்ட இருக்கறதே ரெண்டரைதானுங்க."

கணக்கு அப்படி இல்லை, மறுநாள் கொஞ்சம் திரும்பும் என்று ஆஷா விளக்க வந்தாள். மயிலாள் அங்கே இல்லை. நேராகப் போய் மிஷின் சுவிட்சை அணைத்தாள். தூசி இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. இறங்கினபோது எல்லா முகமும் தெரிந்தது. மறுநாள் காலையில் இருபத்திரண்டு பேரும் குடோன் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். தூசிக்கு வழி பண்ணாமல் உள்ளே கால் வைக்கமாட்டோம் என்றார்கள். ரத்தினசாமி சத்தம் போட்டார், கெஞ்சினார், ஒரு வேன் நிறைய வெளி ஆட்களைக் கொண்டு வந்து இறக்கினார். அவர்கள் உள்ளே ஒரு பகல் இருந்துவிட்டு வேனோடு திரும்பிப் போனார்கள்.

மூன்றாம் நாள் நூல் மில்லில் பஞ்சு தீர்ந்தது. ஆறாம் நாள் பனியன் கம்பெனியில் நூல் தீர்ந்தது. பச்சை இலை அட்டை தொங்கவேண்டிய ஒரு லட்சம் பனியன் தூத்துக்குடிக்குப் போகாமல் நின்றது. அப்புறம் பாருங்க வேடிக்கையை! எந்த நாட்டில் இருந்தோ போன் வந்தது, அதைவிடப் பெரிய ஆள் இன்னொரு நாட்டில் இருந்து கூப்பிட்டான். நாலு நாட்டுக் கையெழுத்தும் ஒரே சாயந்திரத்தில் விழுந்தது. பதினோராம் நாள் காலையில் தூசி உறிஞ்சுகிற மிஷினை ஏற்றிக்கொண்டு லாரி வந்து நின்றது.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல மிஷின். மூன்று நாளில் மாட்டி, சுவிட்சைப் போட்டதும் குடோனில் இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவர் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வெள்ளைக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போட்டோ எடுக்க ஆஷா மயிலாளை மிஷின் பக்கத்தில் நிற்கச் சொன்னாள்.

மயிலாள் மிஷினை மாட்டின மெக்கானிக்கிடம் கேட்டாள். "ஏனுங் தம்பி, இது எந்த நாட்டுல இருந்துங்க வந்துச்சு?"

"நாடா? கோயமுத்தூருங்க. எங்க பட்டறையில செய்யறதுதான். முப்பது வருசமாச் செய்யறோம்."

"கோயமுத்தூருங்களா?"

"ஆமாங்க. ஒன்றரை மணி நேரம்."

ஆஷா கேமராவைத் தூக்கிப் பிடித்து, "கொஞ்சம் சிரிங்கம்மா," என்றாள்.

"என்னத்துக்குங்க சிரிக்கோணும்?" என்றாள் மயிலாள். மிஷின் சத்தத்துக்கு மேல் அவள் குரல் குடோன் பூராவும் கேட்டது. "ஒன்றரை மணி நேரத்துல வர்ற சாமானுங்க இது. என்ற ஊட்டுக்காரரு இதுக்குப் பத்தொம்பது வருசம் இங்கதான் நின்னுக்கிட்டு இருந்தாரு."